வியர்க்கும் கைக்கு ஏற்ற கம்பம்: திருகோணமலைவாசிகளுக்கு ஓர் உத்தியோகப்பற்றற்ற வழிகாட்டி

கம்ப நடனம் பழகுவதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். வாழ்த்துகள். டொக்டர் காலையில் கொஞ்சம் நடக்கத்தான் சொன்னார். ஆனால் டச்சுக் குடாக் கரையில் நடப்பதென்றால் எதிர்ப்படும் தெரிந்த முகங்களுக்கெல்லாம் நின்று பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்குள் ஏறி இறங்கினால் அந்தத் தொல்லை இல்லை என்று நீங்கள் கணக்குப் போட்டது எனக்கு விளங்குகிறது. இனி ஒரு கம்பம் வேண்டும். விற்பனைப் பட்டியலைப் பார்த்தால் ஒரே கம்பத்துக்கு ஆறு விதமான மேற்பரப்பு: குரோம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், பித்தளை, டைட்டானியம் கோல்ட், பவுடர் கோட்டிங், சிலிக்கோன். எல்லாவற்றுக்கும் நேரே "நல்ல பிடிப்பு" என்று போட்டிருக்கிறார்கள். அப்படி எழுதியவர் திருகோணமலையில் ஒரு மே மாதம்கூட இருந்து பார்க்கவில்லை.

குளிர் நாட்டுக்காரருக்குக் கம்பம் சில்லிட்டுப் போவதுதான் கவலை. ஆடுவதற்கு முன் துணியால் தேய்த்தும், கட்டிப்பிடித்தும், சிலர் மின்போர்வை சுற்றியும் அதைச் சூடேற்றுகிறார்கள். நமக்கோ மே முதல் ஓகஸ்ட் வரை பகலில் 34, 35 பாகை. கம்பமும் ஏறத்தாழ நம்மளவு சூடாக இருக்கும். நமக்குள்ள வில்லங்கம் கையில் இருக்கிறது.

ஆகவே கம்பத்தைப் பற்றிப் பேசுமுன் கையைப் பற்றிப் பேசுவோம். முதுகு வெயிலுக்கு வியர்க்கும். உள்ளங்கை வெயிலைவிடப் பயத்துக்கே அதிகம் வியர்க்கும். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாளை நனைத்த கை, பொம்பிளை பார்க்கப் போன இடத்தில் தேநீர்க் கோப்பையை நழுவவிடப் பார்த்த கை எல்லாம் இந்த வகைதான். மூளைக்குப் பதற்றம் வந்தால் உள்ளங்கைச் சுரப்பிகளுக்குக் கட்டளை போய்விடும், ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதற்குக் கவலையில்லை. இதிலிருந்து பிறப்பது இந்த வழிகாட்டியின் முதலாவது ஆலோசனை: கம்பம் வாங்குமுன் திரைச்சீலை வாங்குங்கள். பக்கத்து வீட்டு மாமி "பிள்ளை, என்ன சத்தம் அங்க?" என்று சன்னலால் எட்டிப் பார்க்கும் சாத்தியம் இருக்கும்வரை, உலகத்தில் எந்தப் பூச்சும் உங்களைத் தாங்காது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். எலும்புபோல உலர்ந்த கையும் வழுக்கும். தோலில் மெல்லிய ஈரம் இருந்தால் அது மிருதுவாகி உலோகத்தோடு நன்றாக ஒட்டும். அந்த ஈரம் நீர்ப்படலமாகும்போதுதான் விழுவீர்கள். கையைப் பாலைவனமாக்கப் பாடுபடாதீர்கள், வெள்ளம் வராமல் பார்த்தால் போதும். சும்மா இருக்கும்போதே விரல் நுனியில் துளி துளியாகச் சொட்டுகிறது என்றால் அது வைத்தியரிடம் காட்ட வேண்டிய மிகைவியர்வை. கையைக் குழாய்த் தண்ணீரில் வைத்து மெல்லிய மின்னோட்டம் பாய்ச்சும் சிகிச்சைகூட அதற்கு உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கென்று கருவி வைத்துச் செய்கிறார்கள். வீட்டு பிளக்கில் செய்து பார்க்கலாம் என்று இதை வாசித்துக்கொண்டிருக்கும் அந்த ஒருவருக்குத் தோன்றும். வேண்டாம்.

இனிக் கம்பம். குரோம்தான் மலிவு, பார்க்கவும் பளபளப்பு. உள்ளே இருப்பது சாதாரண உருக்குக் குழாய். அதன்மேல் நிக்கல், நிக்கலின் மேல் தலைமயிரைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய குரோமியம். அந்த மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். கொழும்பில் குளிரூட்டிய அறைக்குள் நின்றால் ஒன்றும் ஆகாது. நம்முடைய ஊரில் மூன்று பக்கமும் கடல், காற்றிலேயே உப்பு. உப்பு வெடிப்புக்குள் இறங்கி உருக்கைத் துருவாக்க, மேலே சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும், பிறகு செதிளாக உரியும். ஆதாரம் தேடி ஆய்வுகூடம் போக வேண்டியதில்லை. கடற்கரை வீதியில் இரண்டு மாரி நின்ற மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலைத் தடவிப் பாருங்கள். அந்தச் சொரசொரப்பில் பிடிப்பு நிச்சயமாகக் கூடும், தொடைத்தோல்தான் குறையும். கவரிங் தோடு போட்டால் காது கடிக்கிற ஆளாக நீங்கள் இருந்தால் இன்னும் யோசியுங்கள்; காதைக் கடித்தது பெரும்பாலும் நிக்கல், குரோம் தேயத் தேய அதே நிக்கல் இப்போது உடம்பு முழுக்கக் கடிக்கும். பூச்சைக் கவனிக்க ஆளில்லாத உருக்குக்கு இந்தக் காற்றில் வருகிற கதியைப் பெரிய அளவில் பார்க்க ஆசையென்றால் சீனன்குடாப் பக்கம் போங்கள். பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகளில் பல காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றை யாரும் கட்டிப்பிடித்துச் சுழலவும் இல்லை, வியர்வையும் படவில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பூச்சே கிடையாது, உரிவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் வாங்கும்போது இலக்கம் கேளுங்கள். சில்வர் சட்டி பானைக்குப் போகும் 304இல் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். படகுச் சாமான்களுக்குப் போகும் 316இல் இவற்றோடு இரண்டு மூன்று சதவீதம் மொலிப்டினம் சேர்ந்திருக்கும், உப்புக்கு ஈடுகொடுப்பது அதுதான். துறைமுக நகரத்துக்கு 316 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், ஆனால் நீங்கள் கேட்டது வியர்க்கும் கைக்கு. அங்கேதான் இடிக்கிறது. ஆறிலும் அதிகம் வழுக்குவது இதுதான். கம்பம் நூறு வருடம் நிற்கும், நீங்கள் அதில் அரை நிமிடம்.

பித்தளைதான் வெப்பநாட்டுக்காரரின் கம்பம் என்று இந்தக் கலையில் ஊறியவர்கள் ஒரே குரலில் சொல்கிறார்கள். செம்பும் நாகமும் கலந்த இந்த உலோகத்தின் மேல்முகம் குரோமைவிடக் கொஞ்சம் மிருதுவானது, நுண்ணிய துளைகள் உள்ளது. ஈரக்கையோடும் ஒட்டி நிற்கும். தொழில்நுட்பரீதியாக நானும் இதற்குத்தான் வாக்களிக்கிறேன். ஆனால் வீட்டில் பித்தளை என்று ஒன்று வந்த மறுகணம் அது உங்களுடையதல்ல, அம்மாவினுடையது. கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாவற்றையும் முற்றத்தில் பரப்பிப் பழப்புளி போட்டுத் தேய்க்கும்போது, "அந்தத் தடியையும் கழட்டிக்கொண்டு வா" என்பார். பழப்புளி ஆகும், புளியின் அமிலம் கறுப்பையும் பச்சைக் களிம்பையும் கரைத்துவிடும், பிறகு நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும். டப்பாவில் வரும் மெருகுத் திரவம் மட்டும் ஆகாது. அது மினுக்கத்துக்காக ஓர் எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும், அதில் நீங்கள் தலைகீழாக நிற்கிற அன்றைக்குத்தான் உங்களுக்கு அது தெரியவரும். ஆடி முடித்த கை, கோயில் மணியடித்த கைபோல மணக்கும். சிலருக்கு இது பிடிக்கும். இன்னொரு பக்திபூர்வமான எச்சரிக்கை: பித்தளைத் தகடு போர்த்திப் பளபளவென்று நிற்கும் உயரமான கம்பம் ஒன்று ஊரில் ஏற்கெனவே பல இடங்களில் இருக்கிறது. அதன் பெயர் கொடித்தம்பம். அதை ஏறிப் பரிசோதிக்க வேண்டாம்.

டைட்டானியம் கோல்ட் என்பது தங்கமும் அல்ல, முழு டைட்டானியமும் அல்ல. வெற்றிடக் கூடத்தில் வைத்து டைட்டானியம் நைட்ரைட்டை மெல்லிசாகப் படியவைக்கிறார்கள், பொன்னிறம் வந்துவிடும். பிடிப்பு குரோமுக்கும் பித்தளைக்கும் நடுவில். விலை குரோமுக்கு மேல். அடுத்தது பவுடர் கோட்டிங்: நிறத்தூளைத் தூவிச் சூளையில் சுட்டெடுப்பது, அலுமினிய யன்னல் சட்டங்களுக்குச் செய்வார்களே அதே வேலை. வியர்வைக் கைக்கு இதன் பிடி அருமை. சுழல்வதற்குத்தான் விடாது, ஒரு சுற்றுச் சுற்றவேண்டிய இடத்தில் கால் சுற்றுடன் உங்களை நிறுத்திவைத்து யோசிக்கச் சொல்லும். எங்காவது ஒரு இடத்தில் பூச்சுத் தட்டுப்பட்டு உடைந்தால் அந்த இடத்தால் உப்பு உள்ளே போய்விடும்.

சிலிக்கோன் உறையிட்ட கம்பத்துக்குத் தனியாக ஒரு பந்தி ஒதுக்கவேண்டும். மற்ற ஐந்து கம்பங்களும் வெறும்தோலைப் பிடிப்பவை. அரைக்காற்சட்டை போடாமல் அவற்றில் தொங்க முடியாது, சுரிதாரோடு ஏறினால் சுரிதாரோடு இறங்கி வருவீர்கள், வெகு வேகமாக. சிலிக்கோனோ துணியைப் பிடிக்கும், தோலில் பட்டால் எரிக்கும். முழுக்கை, முழுக்கால் மூடிய உடுப்போடு ஆடுவதற்கென்றே அதைச் செய்தார்கள். அதனால் மாமியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் ஆடக்கூடிய ஒரே கம்பம் இதுதான். கையுறைகூடப் போடலாம், கை வியர்க்கிறது என்ற பேச்சே எழாது. ஆனால் முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுக்கொண்டு, யன்னலைச் சாத்தி, திரைச்சீலையை இழுத்துவிட்டு, மே மாதத்து மத்தியானம் இரண்டரை மணிக்கு ஆடிப் பாருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகும் செலவு மிச்சம்.

இவ்வளவும் வாசித்த பிறகு உங்களுக்கு வரும் எண்ணம் எனக்குத் தெரியும். வெளிநாட்டிலிருந்து எதற்கு? ஹாட்வெயாரில் ஒரு பைப் வாங்கினால் என்ன? போங்கள். உரையாடல் இப்படித்தான் நடக்கும்.

"அண்ணன், பைப் ஒண்டு வேணும்."

"தண்ணிக்கா, வேலிக்கா?"

"ஆடுறதுக்கு."

"ஊஞ்சலா? சங்கிலி உள்ளுக்கு இருக்கு. தம்பி, அந்தச் சங்கிலியை எடு."

"ஊஞ்சல் இல்ல அண்ணன். நட்டுவெச்சு, நான் ஏறி..."

"அன்ரனாவா? இப்ப எல்லாரும் டிஷ் போட்டுட்டாங்க மகள்."

அவரோடு வாதாடிப் பயனில்லை, தண்ணீர்க் குழாய் என்றே சொல்லிவிடுங்கள். ஆனால் அளவில் ஒரு பொறி இருக்கிறது. நடனக் கம்பத்தின் அளவு வெளிவிட்டம். போட்டிகளில் 45 மில்லிமீற்றர் வழக்கம், சின்னக் கைக்காரருக்கு 40, 42 உண்டு, பழைய கம்பங்கள் 50. ஜீ.ஐ. குழாயை விற்கும் அங்குலக் கணக்கோ வெறும் பெயர்தான். ஒன்றேகால் அங்குலம் என்று வாங்கினால் வெளிவிட்டம் 42 மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே வரும், ஒன்றரை என்றால் 48க்கு மேல். 45 என்று ஒன்று அந்தக் கடையில் கிடையாது. அளவுகோலை நம்பாமல் ஒரு நூலைச் சுற்றி அளவுங்கள். 45 மில்லிமீற்றர் கம்பத்துக்கு நூல் 14 சென்ரிமீற்றர் சொச்சம் வரவேண்டும். நாகம் பூசிய குழாயின் மேல் உள்ள திட்டுத்திட்டான முண்டுகளையும், நீளவாக்கில் ஓடும் ஒட்டுத் தையலையும் உள்ளங்காலால் ஒருமுறை தடவிப் பார்த்தபின், வெளிநாட்டுக் கம்பத்தின் விலை ஏன் அந்த விலை என்று தானாகவே புரியும். குழாய் வீணாகாது. தண்ணீருக்குப் பயன்படும்.

பரிசோதிக்காமல் பணத்தைப் போடமாட்டேன் என்பவர்களுக்கு இலவசப் பரிசோதனைக்கூடம் ஒன்று நகரின் மத்திய பஸ் நிலையத்திலிருந்து புறப்படுகிறது. கண்டிக்கோ கொழும்புக்கோ போகும் பஸ்ஸில், சீட் இருந்தாலும் உட்காராமல், மிதிபலகைக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்தபடி கந்தளாய்வரை சுமார் 40 கிலோமீற்றர் நின்று பாருங்கள். பாலம்போட்டாறு வளைவுகளில் உங்கள் உள்ளங்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதும் அளவுக்குத் தெரிந்துகொள்வீர்கள். அந்தக் கம்பியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மேலே, கைபடாத உயரத்தில் மஞ்சள் பெயின்ற் அப்படியே இருக்கும். கீழே முழங்காலுக்குக் கீழும் இருக்கும். நடுவில், பிடிக்கும் உயரத்தில் மட்டும் இரண்டு முழ நீளத்துக்குப் பெயின்ற் போய், உலோகமும் மங்கி, தேங்காயெண்ணெயும் வியர்வையும் தேய்த்துத் தேய்த்து ஒருவகைக் கபில நிற மெருகு ஏறியிருக்கும். அந்த மெருகில் வழுக்கி விழுந்த ஒருவரையும் நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். விட்டால் விழுவோம் என்று தெரிந்த கை அப்படிப் பிடிக்கிறது. கொண்டக்டர் "உள்ளுக்குப் போங்க, உள்ளுக்குப் போங்க" என்று தள்ளும்போது அந்தக் கம்பியை ஒற்றைக் கையால் பிடித்து, மற்றக் கையில் பையையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அரைவட்டம் சுழன்று உள்ளே போகும் அக்காமாரை ஒரு தடவை கவனியுங்கள். அவர்களுக்கு ஒருவரும் பயிற்சி கொடுக்கவில்லை. மேற்பரப்பு என்னவென்று கேட்டால் "பஸ்" என்பார்கள்.

மேற்பரப்பை ஒருமுறை தெரிவு செய்தால் வருடம் முழுக்க ஆகும் என்றும் நினைக்கவேண்டாம். இங்கே காற்றைப் பார்த்துத்தான் ஏறவேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று மலைநாட்டைத் தாண்டி இறங்கி, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கம் கொட்டிவிட்டு, சுட்டுக்கொண்டு வரும். பகலில் கை வியர்த்த கணமே உலர்ந்துவிடும். அந்த நேரம் பவுடர் கோட்டிங்கில் ஏறினால் தோல் உரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்கூடப் பரவாயில்லை. பின்னேரம் கடற்காற்று திரும்பியதும் எல்லாம் பிசுபிசுக்கும், பித்தளைக்கு மாறவேண்டும். ஒக்டோபருக்குப் பிறகு வாடை வந்தால் மெல்லிய துவாய்கூடக் காயாத காலம். அப்போது கம்பமே வியர்க்கும். ஏ.ஸி. போட்ட அறையில் உலோகம் குளிர்ந்திருக்கும்போது கரண்ட் போய், நீங்கள் யன்னலைத் திறந்தீர்கள் என்றால், வெளியே இருந்து வரும் ஈரக்காற்று கம்பத்தில் பட்டுத் துளிதுளியாகத் தண்ணீராகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அதுபோன்ற காலத்தில் சிலிக்கோன் தவிர வேறொன்றும் கைகொடுக்காது. காலத்துக்கு ஒன்றாக மூன்று கம்பம் வாங்க வசதியில்லாதவர்கள் காலை ஐந்து மணிக்கு எழும்பலாம். அந்நேரத்தில் எல்லா மேற்பரப்பும் ஓரளவு ஒன்றுதான், மாமியும் நித்திரை.

வழுக்காத கம்பம் தேடி இவ்வளவு அலைகிறோம். சித்திரைப் புத்தாண்டு வந்தால் இதே ஊரில் ஒரு மைதானத்தில் நல்ல வழுவழுப்பான கமுகாகப் பார்த்து வெட்டி, சீவி, நட்டு, மேலிருந்து கீழ்வரை கிறீஸ் அப்பி, உச்சியில் பரிசைக் கட்டிவிட்டு ஏறு என்கிறார்கள். பனையை நடுவதில்லை, செதிலும் சொரசொரப்புமான பனையில் யாரும் ஏறிவிடுவார்கள், பரிசு போய்விடும். இந்தோனேசியாவில் ஓகஸ்ட் 17 சுதந்திர தினத்துக்கு இதே கமுகில் இதே கூத்து. மால்ராவில் இன்னும் ஒருபடி மேலே போய், கிறீஸ் பூசிய கம்பத்தைக் கடலுக்கு மேல் சாய்வாக நீட்டிவைத்து ஓடச் சொல்கிறார்கள். உள்துறைமுகம் இருக்கிறது, நம்மவர்கள் இதை இன்னும் யோசிக்காதது ஆச்சரியம்.

வியர்க்கும் கைக்காரர் வழுக்கு மரத்தில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. முதலில் ஏறுபவன் பரிசு எடுப்பதில்லை. அவன் சாண் ஏறி முழம் சறுக்கி, மேலில் இருந்த கிறீஸைத் தன் நெஞ்சிலும் வயிற்றிலும் சாரத்திலும் வழித்துக்கொண்டு கீழே வருகிறான். அடுத்தவன் இன்னும் கொஞ்சம் வழிக்கிறான். பிறகு ஒருவன் தோளில் ஒருவனாக நின்று, அடியில் நிற்பவனின் கண் பிதுங்க, எல்லோருக்கும் மேலே ஏறும் ஒல்லிப் பெடியன் ஏறக்குறைய வெறும் மரத்தைப் பிடித்து உச்சிக்குப் போகிறான். ஆகவே: எந்தக் கம்பத்தையும் முதலாவது ஆளாக ஏறாதீர்கள். தம்பியை விடுங்கள். தம்பி இல்லாதவர்கள் மச்சானை விடலாம். தொழிற்சாலையிலிருந்து வரும் புதுக் கம்பத்தில் காப்பெண்ணெய் பூசித்தான் வரும், யாராவது ஒருவர் அதைத் துடைத்தே ஆகவேண்டும்.

இந்தியாவில் மல்லர் கம்பக்காரர்களின் வழி இதற்கும் எதிர். வியர்வைக்குப் பயந்து எண்ணெயை ஒதுக்காமல், தேக்கு அல்லது சீஷம் மரக் கம்பத்தில் அவர்களே ஆமணக்கெண்ணெய் தேய்க்கிறார்கள். அடியில் 55 சென்ரிமீற்றரும் உச்சியில் 35ம் சுற்றளவுள்ள அந்தக் கம்பத்தில் உராய்வு அதிகமானால் தோல் கிழியும்; எண்ணெய் இருந்தால் வழுக்கிச் சுழன்று, பிடிக்கவேண்டிய கணத்தில் கால்விரல் இடுக்காலும் தொடையாலும் பிடிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் உடற்பயிற்சி ஆசான் பாலம்பட் தாதா தேவதர் இந்த வித்தைக்குப் புத்துயிர் கொடுத்தார். தமிழ்நாட்டில் இதற்கு விழுப்புரம்தான் பேர்போன ஊர். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் இதுவும் ஒரு போட்டி. கை வழுக்குகிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் முறைப்பாடு செய்துபாருங்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நேருக்கு நேர் சொல்லமாட்டார்கள், எண்ணெய்ப் போத்தலை நீட்டுவார்கள். வெளிநாட்டிலும் கம்பம் இப்போது மரியாதைப்பட்ட சமாச்சாரம். 2017இல் சர்வதேச விளையாட்டுச் சம்மேளனங்களின் பொது அமைப்பு கம்ப விளையாட்டுக்குப் பார்வையாளர் அந்தஸ்து கொடுத்தது. இதை வெட்டி எடுத்து மாமியாரின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவைக்கவும்.

உள்ளூர்ப் பெருமை போதாது என்பவர்களுக்கு ஒரு கப்பலும் இருக்கிறது. 1817இல் பம்பாயில் வாடியா கட்டுமானக்காரர்கள் தேக்கில் கட்டி இறக்கிய பிரித்தானியப் போர்க்கப்பலுக்கு எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்று பெயர். இன்றைக்கும் மூன்று பாய்மரத்தோடு இங்கிலாந்தில் ஹாட்டில்பூலில் மிதக்கிறது. அந்தக்காலத்து மாலுமிகள் மழையிலும் உப்பிலும் நனைந்த கையோடு ஏறினார்கள் என்றால், பாய்மரத்தைப் பிடித்தல்ல, தார் பூசிய கயிற்றைப் பிடித்து. தாரின் பிடிப்புக்கு நிகரான மேற்பரப்பு இன்றுவரை இல்லை. இறங்குவது மட்டும் சிரமம்.

கைக்குப் பூசுபவை பற்றிச் சுருக்கமாக. ஜிம்னாஸ்டிக்காரர் பூசும் மக்னீசியம் கார்பனேற்றுத் தூள் ஈரத்தை உறிஞ்சும், நல்லது. படிகாரம் வியர்வையைச் சற்றுக் கட்டும். சலூனில் சவரத்துக்குப் பிறகு தேய்க்கும் அதே கட்டிதான், கடனாகக் கேட்கவேண்டாம், சொந்தமாக வாங்குங்கள். முகப்பவுடர் கூடாது, அது வழுக்கும். கம்பத்தை ஒவ்வொரு முறையும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைக்கவேண்டும். சாராயமும் ஸ்பிரிட்தானே என்று வீட்டில் ஒருவர் முன்வருவார். அதில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர், துடைத்து மீந்ததை அவர் என்ன செய்வார் என்பதும் உங்களுக்குத் தெரியும். எல்லாவற்றிலும் பெரிய எதிரி தலையில் இருக்கிறது. தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிய தலையை ஒருமுறை ஒதுக்கிவிட்ட கையால் 316ஐயும் பிடிக்க முடியாது, பித்தளையையும் பிடிக்க முடியாது. புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்ட கையைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

கூரை பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பூச்சில் காட்டிய அக்கறையில் பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். திருகி இறுக்கும் கம்பம் தரைக்கும் கூரைக்கும் இடையில் முட்டுக் கொடுத்து நிற்பது. கொங்கிறீற் தட்டு என்றால் சரி. ஓட்டு வீட்டில் இறுக்க இறுக்க ஓடுகள் எழும்பி, மாரியில் தண்ணீர் நேரே கம்பம் வழியாக இறங்கும். கையில் வியர்வையா மழையா என்று பிரித்தறிய முடியாது. அஸ்பெஸ்டஸ் கூரையை நினைத்தும் பார்க்கவேண்டாம். முற்றத்தில் குழி தோண்டி நடலாம் என்றால், பிரெட்றிக் கோட்டைப் பக்கத்திலிருந்து உலாவ வரும் மான்கள் நல்ல தடியைக் கண்டால் கொம்பு தீட்டாமல் போகா. அவற்றுக்கும் மேற்பரப்பில் தெரிவு உண்டு, எது பிடிக்கும் என்பது காலையில் தெரியும்.

இனி, மூன்று மாதத்தில் உங்களுக்கு இது அலுத்துப்போனால் என்ன செய்வது என்பதையும் வாங்குமுன்னரே யோசிக்கவேண்டும். 316 என்றால் படகுக்காரர் யாராவது வந்து பேரம் பேசுவார். பித்தளை பழைய இரும்புக்கடையில் கிலோக் கணக்கில் போகும், அம்மா விட்டால். குரோமில் துணி காயப்போடலாம், துருக்கறை தெரியாத கறுப்புத் துணியாக. பவுடர் கோட்டிங் வாழைக்கு முட்டுக் கொடுக்கும். சிலிக்கோனில் பூனை நகம் தீட்டும். டைட்டானியம் கோல்ட் கம்பத்தைக் கழற்றவே வேண்டாம். முன் ஹோலில் அப்படியே நிற்கட்டும். கனடாவிலிருந்து தம்பி அனுப்பியது என்று சொல்லிவிட்டால், அது எதற்கென்று திருகோணமலையில் ஒருவரும் கேட்கமாட்டார், விலை என்னவென்றுதான் கேட்பார்கள்.